வேலியோரம் நின்ற சிறுவனும் அவனை அனுப்பி வைத்த ஆசிரியையும்

டென்னிஸ் ஆட்டத்தில் நான்கு பந்தயங்களே மிகப் பெரியவை. ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன், நியூயார்க் ஆகிய இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை அவை நடக்கின்றன. இவற்றில் ஒரே ஒரு முறை வென்றாலும் போதும். ஆயுள் முழுவதும் அதைச் சொல்லிப் பெருமைப்படலாம். நோவாக் ஜோகோவிச் 2008-ம் ஆண்டு முதல் 2023-ம் ஆண்டு வரை 24 முறை வென்றார். ஆண்களில் அவருக்கு முன் யாரும் இத்தனை வென்றதில்லை.

அவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவருடைய தந்தையின் முகம்கூடப் பலருக்குத் தெரியும். மகன் ஆடும்போது காமிரா அடிக்கடி தந்தை பக்கம் திரும்புமே!

ஆனால், யெலெனா கென்சிச் என்று சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த அம்மையார்தான் ஜோகோவிச்சின் முதல் ஆசிரியை. அவர் இரண்டு காரியங்கள் செய்தார். ஆறு வயதில் சிறுவனைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டு வயதில் அவனைத் தாமே வேறொருவரிடம் அனுப்பி வைத்தார்.

முதல் காரியத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். அது கதை போல இருக்கிறது. கேட்கவும் சுவையாக இருக்கிறது. ஆனால், இரண்டாவதுதான் பெரிய காரியம் என்பது என் கட்சி.

பையில் ஒரு வாழைப்பழம்

செர்பியா, ஐரோப்பாவின் தென்கிழக்கே உள்ள சிறிய நாடு. அதன் தலைநகர் பெல்கிரேட். 1987-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி அந்த நகரில் ஜோகோவிச் பிறந்தார். அப்போது செர்பியா தனி நாடாக இல்லை. யுகோஸ்லாவியா என்ற பெரிய நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது.

அந்தக் குடும்பத்தில் டென்னிஸ் ஆடியவர் யாரும் இல்லை. தந்தை சிர்ஜான் பனிச்சறுக்கு வீரர். சிற்றப்பாவும் அத்தையும்கூடப் பனிச்சறுக்கு வீரர்கள்தான். கோப்பவோனிக் என்ற மலையில் சிர்ஜானும் அவர் மனைவி டியானாவும் பீட்சா கடை வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விளையாட அந்த மலைக்குக் கூட்டம் வரும். பசியோடு வரும் கூட்டம்! கடையும் நடந்தது.

அந்தக் கடைக்கு எதிரே டென்னிஸ் மைதானங்கள் இருந்தன. 1993-ம் ஆண்டு கோடையில் அங்கே சிறுவர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. நடத்தியவர் யெலெனா அம்மையார்.

முகாம் தொடங்கியதும் ஒரு சிறுவன் வேலியைப் பிடித்துக் கொண்டு நின்றான். காலை முழுவதும் நின்றான். பந்து போகும் பக்கமெல்லாம் அவன் தலையும் திரும்பியது.

அம்மையார் இதைக் கவனித்தார். அருகே போனார். ஆட வருகிறாயா என்று கேட்டார். அவன் அந்த அழைப்புக்காகவே காத்திருந்தான்.

மத்தியானம் சிறுவன் வந்தான். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டான். தோளில் ஒரு பெரிய பை. அம்மையார் பையைத் திறந்து பார்த்தார். ஒரு மட்டை, ஒரு துண்டு, தண்ணீர்ப் புட்டி, மாற்றுச் சட்டை, தொப்பி, மணிக்கட்டுப் பட்டை, ஒரு வாழைப்பழம். எல்லாம் ஒழுங்காக மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

யார் அடுக்கியது, அம்மாவா என்று கேட்டார் அம்மையார். பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே அடுக்கியதாகச் சொன்னான். பெரிய ஆட்டக்காரர்கள் என்னென்ன கொண்டு வருகிறார்கள் என்று டெலிவிஷனில் பார்த்து வைத்திருந்தானாம்!

அந்த ஆண்டு ஜூலை மாதம்தான் அமெரிக்காவின் பீட் சாம்ப்ராஸ் முதல் முறையாக விம்பிள்டனில் வென்றார். அதை டெலிவிஷனில் பார்த்த நாள் முதல் பையனுக்கு விம்பிள்டன் பைத்தியம் பிடித்துவிட்டது. கையில் கிடைத்த பொருளைக் கொண்டு கோப்பை செய்வான். கண்ணாடி முன் நின்று அதைத் தூக்கிப் பிடிப்பான். தானே சாம்பியன் என்று சொல்லிக் கொள்வான். எந்த வீட்டிலும் ஆறு வயதுப் பிள்ளை செய்யும் காரியம்தான். ஆனால், பையை அடுக்குவது எந்த வீட்டிலும் நடப்பதில்லை!

சில நாட்கள் பயிற்சி நடந்தது. அம்மையார் பெற்றோரைத் தேடிப் போனார். உங்கள் பிள்ளை தங்கப் பிள்ளை என்றார். மோனிகா செலஸுக்குப் பிறகு இப்படி ஒரு திறமையைத் தாம் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

பீட்சா கடைக்காரருக்கு இதைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும்? வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

யார் இந்த அம்மையார்?

வழியில் போகிற யாரோ ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் சிர்ஜான் சிரித்துவிட்டுப் போயிருப்பார். யெலெனா அம்மையார் சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

அவர் 1936-ம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் யுகோஸ்லாவியாவுக்காக ஹேண்ட்பால் ஆடியவர். டென்னிசிலும் சிறந்தவர். பெல்கிரேட் டெலிவிஷன் நிலையத்தில் வேலை பார்த்தார். அதோடு குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்து வந்தார்.

மோனிகா செலஸ் சிறுமியாக இருந்தபோது அம்மையார்தான் அவளுடைய திறமையைக் கண்டறிந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். மோனிகா பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றாள். 1991-ம் ஆண்டில் உலகின் முதல் வீராங்கனை ஆனாள். 19 வயதுக்குள் எட்டுப் பெரிய பட்டங்கள் வென்றாள்.

ஆனால், 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி ஒரு கொடுமை நடந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் மோனிகா ஆடிக் கொண்டிருந்தாள். இடைவேளையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வெறியன் பின்னால் வந்து முதுகில் கத்தியால் குத்திவிட்டான். இன்னொரு வீராங்கனை மீது அவனுக்கு இருந்த பித்தே காரணம். உயிர் பிழைத்தது. ஆனால், மோனிகா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பந்தயத்தில் ஆடவில்லை.

தேதிகளைக் கவனியுங்கள். ஏப்ரல் கடைசியில் அது நடந்தது. அந்தக் கோடையிலேயே அம்மையார் மலைக்கு வந்து குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். தாம் வளர்த்த பெண்ணின் முதுகில் கத்தி பாய்ந்த சில மாதங்களுக்குள், வேலியோரம் நின்ற இன்னொரு குழந்தையை உள்ளே அழைத்தார். வேறு யாராக இருந்தாலும் இந்த ஆட்டமே வேண்டாம் என்று வெறுத்துப் போயிருப்பார்கள்.

பந்து அடிப்பது மட்டும் பாடமில்லை

அம்மையாரிடம் நோவாக் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பாடம் கேட்டான்.

பாடம் என்றால் வெறும் பந்து அடிப்பது இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போவார். சங்கீதம் கேட்கச் சொல்வார். ருஷ்யாவின் சைக்கோவ்ஸ்கி இயற்றிய பெரும் வாத்திய இசையைப் போடுவார். கண்ணை மூடிக் கொண்டு கேட்க வேண்டும். புஷ்கினின் கவிதைகளைப் படித்துக் காட்டுவார். வெளிநாட்டு மொழிகள் படிக்கத் தூண்டினார். பெரிய ஆட்டக்காரர்களின் பந்தயங்களை வீடியோ டேப்பில் போட்டுக் காட்டி, ஏன் அப்படி அடித்தார் என்று கேட்பார். மூச்சு விடுவதற்குக்கூடப் பாடம் உண்டு.

இவையெல்லாம் டென்னிசுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஜோகோவிச் பல மொழிகள் பேசுகிறார். பாரிசில் வென்றால் பிரெஞ்சு மொழியில் நன்றி சொல்வார். இத்தாலியில் வென்றால் இத்தாலிய மொழியில் சொல்வார். தோற்கும் நிலையில் இருக்கும்போது பதற்றமில்லாமல் நின்று ஆட்டத்தைத் திருப்புவார். அந்த நிதானம் எங்கே விதைக்கப்பட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. இடப்பக்கம் வரும் பந்தை ஒரு கையால் அடிப்பதா, இரண்டு கையால் அடிப்பதா என்ற கேள்வி வந்தது. பையனுக்கு ஒரு கையால் அடிக்க வலு போதவில்லை. இரண்டு கையால் அடித்துப் பார்த்தான். வசமாக வந்தது. அம்மையார் அதையே வைத்துக் கொள்ளச் சொல்லிவிட்டார். என் முறைதான் முறை என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. இன்று டென்னிஸ் அறிந்தவர்கள் அந்த அடியைத்தான் வியந்து பேசுகிறார்கள்.

வெளியே நாடு இருந்த நிலையோ மகா மோசம். யுகோஸ்லாவியா துண்டு துண்டாக உடைந்து கொண்டிருந்தது. உள்நாட்டுச் சண்டை. 1992-ம் ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை பொருளாதாரத் தடை விதித்தது. விலைவாசி மணிக்கு மணி ஏறியது. 1993-ம் ஆண்டில் அந்த நாட்டு அரசாங்கம் ஒரு நோட்டு அச்சடித்தது. அதன் மதிப்பு 50,000 கோடி தினார்! அத்தனை பெரிய நோட்டும் சில நாட்களில் செல்லாக்காசு ஆனது. காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் ரொட்டிக்குக்கூடப் போதாது.

அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கடைக்காரர் தம் பிள்ளையை டென்னிஸ் ஆட்டக்காரனாக்க முடிவு செய்தார். ஒரு நாள் சிர்ஜான் பத்து மார்க் நோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தாராம். மார்க் என்பது அன்றைய ஜெர்மன் பணம். நம்மிடம் இருப்பது இவ்வளவுதான் என்று மனைவி மக்களிடம் சொன்னாராம். இதை ஜோகோவிச்சே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மகனின் பயணச் செலவுக்காக அதிக வட்டிக்குக் கடன் வாங்கியதைத் தந்தையும் மறைத்ததில்லை.

குண்டு வீரனை உண்டாக்கவில்லை

1999-ம் ஆண்டு வந்தது. கொசோவோ பகுதியில் அல்பேனிய மக்கள் மீது செர்பியப் படைகள் நடத்திய கொடுமைகளைக் காரணமாகச் சொல்லி, நேட்டோ நாடுகள் யுகோஸ்லாவியா மீது குண்டு வீசின. மார்ச் 24-ந் தேதி தொடங்கியது. ஜூன் 10-ந் தேதி நின்றது. மொத்தம் 78 நாட்கள்.

முதல் இரவு. குண்டுச் சத்தம் கேட்டுக் குடும்பம் எழுந்தது. தாயார் தடுக்கி விழுந்தார். தலையில் அடிபட்டு மயங்கிவிட்டார். மயக்கம் தெளிந்ததும் எல்லாரும் இருட்டில் தெருவில் ஓடினார்கள். உறவினர் வீட்டு நிலவறைக்குப் போய்ச் சேர வேண்டும். நோவாக் வழியில் இடறி விழுந்தான். முழங்கால் சிராய்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் வானத்தில் போர் விமானம்! அந்தக் காட்சியைத் தம் புத்தகத்தில் அவர் எழுதியிருக்கிறார். இரண்டு தம்பிகள். இளையவனுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை.

இரவில் நிலவறை. பகலில் டென்னிஸ். பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. அம்மையார் பாடத்தை நிறுத்தவில்லை. முந்தின நாள் எங்கே குண்டு விழுந்ததோ, அந்தப் பக்கமாகப் பார்த்து ஆடப் போவார்கள். ஒரே இடத்தில் இரண்டாம் நாளும் குண்டு விழாது என்பது கணக்கு. பன்னிரண்டாவது பிறந்த நாளன்று மைதானத்தில் நோவாக்குக்கு வாழ்த்துப் பாடினார்கள். பாடும்போதே தலைக்கு மேல் விமானங்கள் பறந்தன.

இதை வைத்துச் சிலர் ஒரு வியாக்கியானம் சொல்கிறார்கள். குண்டு வீச்சுதான் அவரை உறுதியாக்கியது, யுத்தம்தான் வீரனை வளர்த்தது என்று.

எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த 78 நாட்களும் பெல்கிரேட் நகரில் லட்சக்கணக்கான குழந்தைகள் நிலவறைகளில் கிடந்தன. கொசோவோவிலோ லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களிலும் குழந்தைகள் உண்டு. அத்தனை பேரும் சாம்பியன் ஆகிவிட்டார்களா? குண்டு வீரனை உண்டாக்குமானால் உலகில் வீரர்களுக்குப் பஞ்சமே இருக்காதே!

அதே பெல்கிரேட்டில் அதே ஆண்டில் பிறந்தவர் அனா இவானோவிச். ஐந்து வயதில் டெலிவிஷனில் மோனிகா செலஸ் ஆடுவதைப் பார்த்து மட்டை கேட்டவள். குளிர்காலத்தில் ஆட இடமில்லாமல், தண்ணீர் வற்றிய நீச்சல் குளத்துக்குள் பயிற்சி செய்தாள். 2008-ம் ஆண்டில் பாரிஸ் பட்டம் வென்றாள். அனா மட்டையைப் பிடித்தது குண்டு விழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன். நோவாக்கும் அப்படியே. யுத்தத்துக்கு முன்பே அவர்களுக்கு ஆசை இருந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. குண்டு வந்து அதைக் கெடுக்கப் பார்த்தது. கெடவில்லை. அவ்வளவுதான். யுத்தத்துக்கு இதில் ஒரு நன்றியும் சேராது.

அந்த டெலிபோன்

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

நோவாக்குக்குப் பன்னிரண்டு வயது. பெல்கிரேட்டில் அவனுக்குச் சமமாக ஆட ஆள் இல்லை. நாட்டில் பணமில்லை, பந்தயமில்லை. இனிமேல் இங்கே இருந்தால் பையன் வளர மாட்டான் என்று அம்மையாருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சும்மா இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு ஆண்டு என் கையில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். பெற்றோரும் கேட்டிருப்பார்கள். அவர் சொல்லைத் தட்டாத குடும்பம்.

அனுப்பினால் என்ன நடக்கும் என்பதும் அம்மையாருக்கு நன்றாகத் தெரியும். மோனிகா பன்னிரண்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனாள். பிறகு உலகம் அவளை அமெரிக்கப் பயிற்சியாளரின் மாணவி என்றுதான் சொன்னது. பெல்கிரேட்டில் ஓர் அம்மையார் இருக்கிறார் என்று யார் சொன்னார்கள்? ஒரு முறை அப்படி நடந்துவிட்டது. இரண்டாம் முறையும் அதுவே நடக்கும்.

தெரிந்தும் அவரே டெலிபோனை எடுத்தார். நிக்கி பிலிச்சைக் கூப்பிட்டார்.

பிலிச்சைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பழைய யுகோஸ்லாவிய வீரர். 1973-ம் ஆண்டில் பாரிஸ் இறுதிப் பந்தயம் வரை போனவர். அந்த ஆண்டு நாட்டுக்காக ஆட மறுத்தார் என்று அவருடைய நாட்டு டென்னிஸ் சங்கம் அவரைத் தடை செய்தது. அதனால் விம்பிள்டனிலும் இடம் மறுத்தார்கள். இது அநியாயம் என்று 81 ஆட்டக்காரர்கள் விம்பிள்டனையே புறக்கணித்தார்கள்! பிற்காலத்தில் பிலிச் ஜெர்மனியில் மூனிக் நகரத்துக்கு அருகே ஒரு டென்னிஸ் பள்ளி நடத்தினார்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. பிலிச் குரோவேஷியர். நோவாக் செர்பியன். யுகோஸ்லாவியா உடைந்தபோது இந்த இரண்டு இனத்தாரும் 1991-ம் ஆண்டு முதல் 1995-ம் ஆண்டு வரை ஒருவரோடு ஒருவர் போரிட்டவர்கள். ஊர்கள் எரிந்தன. ரத்தம் காயாத காலம். அந்த நேரத்தில் ஒரு செர்பிய ஆசிரியை ஒரு குரோவேஷிய ஆசிரியரைக் கூப்பிட்டு, என்னிடம் ஒரு பையன் இருக்கிறான், எடுத்துக் கொள்ளுங்கள் என்கிறார். பிலிச் தயங்கினார். பையனின் இனத்தை நினைத்து இல்லை. வயதை நினைத்து! பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அவர் சேர்ப்பதில்லை. அம்மையாரின் சொல்லை நம்பிச் சேர்த்துக் கொண்டார்.

1999-ம் ஆண்டு செப்டம்பரில் நோவாக் ஜெர்மனிக்குப் போனான். அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தப் பள்ளிதான் அவனுக்கு வீடு.

பன்னிரண்டு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு நாட்டுக்கு அனுப்பலாமா? தாய்மார்கள் இதைக் கேட்பார்கள். கேட்க வேண்டும். என் பதில் இது: சாதாரணமாகக் கூடாது. ஆயிரம் பிள்ளைகளில் 999 பேருக்கு அது கெடுதல். ஆட்டமும் வராது, படிப்பும் போகும், பாசமும் போகும். மீதி ஒரு பிள்ளை யார் என்று சொல்ல, ஆறு வயதிலிருந்து அவனைப் பார்த்து வந்த ஒருவர் வேண்டும். அவருக்கு அந்தப் பிள்ளையால் லாபம் எதுவும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் இந்த முடிவைப் பெற்றோரின் ஆசை எடுக்கிறது. அல்லது பணம் பார்க்க நினைக்கும் தரகர் எடுக்கிறார். நோவாக் விஷயத்தில், அவன் போவதால் நஷ்டப்படப் போகிறவரே முடிவு சொன்னார். அதனால்தான் அந்த முடிவை நான் நம்புகிறேன்.

பிறகு நடந்தது

பிறகு நடந்தது உலகம் அறிந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

2003-ம் ஆண்டில், பதினாறு வயதில், நோவாக் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 2005-ம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் முதல் பெரிய பந்தயம். முதல் சுற்றிலேயே ருஷ்யாவின் மராட் சாபின் எதிரே வந்தார். 6-0, 6-2, 6-1. அடி என்றால் சாதாரண அடி இல்லை! சாபின் அந்த முறை பட்டத்தையே வென்றார் என்பது ஓர் ஆறுதல்.

2006-ம் ஆண்டு ஜூலையில் ஹாலந்தில் முதல் பட்டம். அதே ஆண்டில் இங்கிலாந்து டென்னிஸ் சங்கத்தார் குடும்பத்தோடு பேசினார்கள். குடியுரிமை மாற்றிக் கொண்டு இங்கிலாந்துக்காக ஆடினால் வசதிகள் கிடைக்கும். கடனில் இருந்த குடும்பம். யோசித்தார்கள். கடைசியில் நோவாக் போகவில்லை.

2007-ம் ஆண்டில் கனடாவில் மாண்ட்ரீல் நகரில், ராடிக், நடால், பெடரர் மூவரையும் ஒரே பந்தயத்தில் தோற்கடித்தார். அப்போது உலக வரிசையில் மூன்றாவது, இரண்டாவது, முதலாவது இடங்களில் இருந்தவர்கள் அவர்கள்தான். 2008-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ஆஸ்திரேலியப் பட்டம். வயது இருபது. மூன்று ஆண்டுக்கு முன் உதைபட்ட அதே ஊர்!

2011-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி விம்பிள்டனில் வென்றார். கண்ணாடி முன் தூக்கிப் பழகிய கோப்பை நிஜமாகவே கையில் வந்தது. குனிந்து மைதானத்துப் புல்லைக் கிள்ளி வாயில் போட்டுக் கொண்டார். மறுநாள் உலகின் முதல் ஆட்டக்காரர் ஆனார்.

முதல் ஆசிரியருக்கு என்ன பங்கு?

கால்பந்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஓர் ஆட்டக்காரனை ஒரு நாட்டுச் சங்கத்திடமிருந்து வேறு நாட்டுச் சங்கம் விலைக்கு வாங்கினால், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கை, 12 வயது முதல் 23 வயது வரை அவனுக்குப் பயிற்சி கொடுத்த சங்கங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். சின்ன ஊரின் சின்னச் சங்கத்துக்கும் பணம் வந்து சேரும்.

டென்னிசில் ஆட்டக்காரனை யாரும் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆகையால் அப்படி ஒரு விதியும் இல்லை. முதலில் மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவருக்கு ஒரு காசும் கிடையாது. கடைசியாக வந்து பக்கத்தில் உட்காரும் பயிற்சியாளருக்குப் பெயரும் உண்டு, பணமும் உண்டு.

2023-ம் ஆண்டு நியூயார்க் பந்தயத்தில் வென்றதற்கு ஜோகோவிச்சுக்குக் கிடைத்த பரிசு 30 லட்சம் டாலர். அதில் நூறில் ஒரு பங்கு 30 ஆயிரம் டாலர். பெரிய பந்தயங்களில் வெல்லும் ஒவ்வொருவர் பரிசிலும் இப்படி ஒரு பங்கு முதல் ஆசிரியருக்கு என்று ஒதுக்கினால் என்ன? வென்றவருக்கு அது பெரிய குறைவு இல்லை. மலை மேலும் பட்டணத்துச் சந்திலும் நாலு குழந்தைகளை வைத்துக் கொண்டு பாடம் சொல்கிறவருக்கு அது பெரும் பணம்.

முதல் ஆசிரியர் நான்தான் என்று பத்துப் பேர் வந்து நிற்பார்களே என்று கேட்கலாம். தொழில்முறைக்கு வரும் அன்றே ஆட்டக்காரன் ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். எழுதும்போது அவன் கொஞ்சம் யோசிப்பான். அந்த யோசனையும் நல்லதே.

யெலெனா அம்மையார் இப்படி எதுவும் கேட்கவில்லை. கடைசி வரை பெல்கிரேட்டில் குழந்தைகளோடுதான் இருந்தார். வேடிக்கை பாருங்கள்: 2001-ம் ஆண்டில் விம்பிள்டன் வென்ற கோரான் இவானிசெவிச்சும் சிறு வயதில் அவரிடம் பாடம் கேட்டவர்தான். அவரும் குரோவேஷியர். 2019-ம் ஆண்டு முதல் 2024-ம் ஆண்டு வரை ஜோகோவிச்சுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவரே. ஒரே ஆசிரியையின் இரண்டு பிள்ளைகள்!

பாரிஸ் பட்டம் ஒன்றுதான் ஜோகோவிச்சுக்கு நெடுநாள் கிடைக்காமல் இருந்தது. அவர் அதை வெல்ல வேண்டும் என்பது அம்மையாரின் ஆசை. 2013-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி, பாரிசில் மூன்றாம் சுற்று. அன்றுதான் பெல்கிரேட்டில் அம்மையார் காலமானார். வயது 76. உடனிருந்தவர்கள் பந்தயம் முடியும் வரை சொல்லவில்லை. முடிந்த பிறகு சொன்னார்கள். அன்று அவர் நிருபர்களைச் சந்திக்கவில்லை.

பிறகு பேசினார். தமக்கு அவர் இரண்டாவது தாய் என்றார். இந்தப் பட்டத்தை அவருக்காக வெல்ல வேண்டும் என்றார். அரை இறுதியில் நடால் வந்தார். ஐந்து ஆட்டக் கட்டம் வரை போராட்டம். கடைசிக் கட்டம் 9-7 என்று நடால் பக்கம் போய்விட்டது.

பாரிஸ் பட்டம் ஜோகோவிச்சுக்குக் கிடைத்தது 2016-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி. அம்மையார் மறைந்து மூன்று ஆண்டும் நான்கு நாளும் ஆகியிருந்தன.